ஒரு கப்பின் எடை பற்றிய தீர்மானம்

ஆஜரானவர்களும் அவரவர் உட்கார்ந்த இடமும் வருமாறு:

சபைக் கமிட்டியின் தலைவர் வேதசிரோமணி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. அவருடைய மனைவி தபீதாள் அம்மாள், ஜன்னலோர பெஞ்சில், மடியில் துவாலையில் சுற்றிய ஒரு பொருளுடன். பொருளாளர் எட்மண்ட், கல்லூரி ரசாயனக் கூடத்தில் உதவியாளர், மேசையின் இடப்புறம். அவருடைய மனைவி புஷ்பம், தபீதாள் அம்மாளுக்கு முதுகு தெரியும்படி திருப்பிப் போட்ட பெஞ்சில், மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளுடன். தையல் டீச்சர் சாராள், ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் குட்டை பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட. மளிகைக் கடை துளசிங்கம், அழைப்பின் பேரில், தன் தராசுடனும் ஒரு சின்ன மைதா மூட்டை முதலான சரக்குடனும். தராசைத் தொங்கவிட ஜன்னல் கம்பி தோதுப்படாததால் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். செயலாளர் ஐசக், அதாவது நான், மேசைக்குப் பின்னால், மைக்கூட்டுக்குப் பக்கத்தில்.

சபைப் போதகரான ஐயர் மேடவாக்கத்துக்கு அந்தண்டை ஒரு கிராமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப் போயிருந்தபடியால் வரவில்லை. அவர் இருந்திருந்தால் கூட்டம் ஒரு ஜெபத்தோடு முடிந்திருக்கும் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவரும் இரண்டு வீட்டுக் கேக்கையும் தின்று உயிர் வாழ்கிறவர்தான்.

இடம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஞாயிறு பள்ளி அறை. காலம், 1963 நவம்பரில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். பொருள், கேக்கு.

விஷயம் இதுதான். சாராள் வருஷக்கணக்காகத் தற்காலிகத் தையல் டீச்சர். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடும்போது வேலை போய்விடும். ஜூனில் திறக்கும்போது திரும்பி வரும். இந்தத் தடவை அப்படி வராது என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். தையல் வகுப்பையே எடுத்துவிடப் போகிறார்களாம். அந்தச் சமயத்தில்தான் பல்லாவரத்துப் பக்கம் ஒரு பெண்கள் பயிற்சி நிலையம், சமையலும் பேக்கரி வேலையும் சொல்லிக்கொடுக்க நிரந்தர டீச்சர் தேவை என்று விளம்பரம் செய்திருந்தது.

நிபந்தனைகள் மூன்று. முதலாவது, விண்ணப்பத்தோடு ஒரு கேக்கின் செய்முறையை, பொருள்கள் யாவற்றையும் கிராம் எடையில் குறித்து, அனுப்ப வேண்டும். இரண்டாவது, தேர்வு நாளன்று நிலையத்தாரே அந்த எடைப்படி எல்லாவற்றையும் நிறுத்து வைத்திருப்பார்கள். விண்ணப்பதாரர் அவர்கள் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். ஒரு ஸ்பூன் கூடக் கேட்கவோ ஒதுக்கவோ கூடாது. மூன்றாவது, செய்முறை சரியானதுதான் என்று ஒரு திருச்சபையோ ஊர்ச் சங்கமோ சான்று தர வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனையால்தான் சாராளின் கேக்கு எங்கள் கமிட்டியின் கையில் வந்து சிக்கியது.

வீசையும் பலமும் அவுன்சும் சட்டப்படி ஒழிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைக்கு வந்த சட்டம் சமையலறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே கப்பும் கரண்டியும் சிட்டிகையும்தான் ஆட்சி. சாராளின் செய்முறை நான் பிரதி எடுத்தபடி: மைதா இரண்டு கப்பு, சீனி ஒன்றேகால் கப்பு, வெண்ணெய் ஒரு கப்பு, முட்டை நாலு, பேக்கிங் பவுடர் ஒரு சின்ன ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

“சார், நான் அளக்கிற கப்பைக் கொண்டாந்திருக்கேன். துளசிங்கம் அண்ணன் தராசு இருக்கு. அளந்து நிறுத்தா அஞ்சு நிமிஷ வேலை,” என்றாள் சாராள்.

“அஞ்சு நிமிஷ வேலைக்குக் கமிட்டி எதுக்கும்மா?” என்றார் வேதசிரோமணி.

அவள் பையிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் குவளையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விளிம்பில் எனாமல் பெயர்ந்து கருப்பாக இருந்தது. வேதசிரோமணி அதைத் தொடாமல் பார்த்தார்.

“நீ விண்ணப்பதாரர். சம்பந்தப்பட்டவங்க கப்பை வச்சு நாங்க சான்று குடுத்தா நாளைக்கு நிலையத்தில என்ன நினைப்பாங்க?”

“கேக்கு என்னோடது சார்.”

“அதனாலதான் சொல்றேன். எடுத்து உள்ள வை.”

சாராள் குவளையைப் பைக்குள் வைத்தாள். அந்த க்ஷணமே ஜன்னலோரத்தில் துவாலை அவிழ்ந்தது. உள்ளே பூப்போட்ட பீங்கான் கப்பு ஒன்று இருந்தது.

“இது மிஷன் துரைசானி சீமைக்குப் போகும்போது என் கையில குடுத்துட்டுப் போனது,” என்றார் தபீதாள் அம்மாள். “அளவு கப்பு. இதுல டீ கூட ஊத்தினதில்ல.”

திருப்பிப் போட்ட பெஞ்சில் செய்தித்தாள் கிழியும் சத்தம் கேட்டது. அலுமினியக் கப்பு ஒன்று வெளியே வந்தது.

“இது எங்கப்பா ஏர் ஃபோர்ஸ் கேன்டீன்ல வாங்கினது. அடியில சர்க்கார் முத்திரை இருக்கு. துரைசானி கப்புக்கு முத்திரை இருக்கா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள் புஷ்பம்.

“முத்திரை இருந்தா கேக்கு பொங்கிடுமா? போன கிறிஸ்மஸுக்கு உங்க வீட்டுக் கேக்கை ஐயர் டீயில முக்கித்தான் தின்னாராம்.”

“உங்க வீட்ல அவருக்கு டீயே தேவைப்படல அக்கா. கேக்கைப் பிழிஞ்சாலே போதும்.”

தாம்பரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதன் கனம் புரியாது. கிறிஸ்மஸ் வாரத்தில் இந்த இரண்டு வீட்டிலிருந்தும் ஐயர் வீட்டுக்குக் கேக்கு போகும். இரண்டிலும் சம அளவு துண்டு வெட்டி, சம நேரம் மென்று, ஒரே வார்த்தையால் புகழ வேண்டியது ஐயரின் ஊழியத்தில் ஒரு பகுதி. இப்போது கமிட்டி ஒரு கப்பை ஏற்றால், அந்த வீட்டுக் கேக்குத்தான் கேக்கு என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை எழுதும் பேனா என் கையில் இருந்தது. நான் அதை மெதுவாகக் கீழே வைத்தேன்.

வேதசிரோமணி கணக்கு ஆசிரியர் அல்லவா. “இரண்டையும் எடுத்துக்கொள்வோம். சராசரி பார்ப்போம்,” என்றார்.

எட்மண்ட் வழிமொழிந்தார். நிறைவேறியது.

துளசிங்கம் தராசை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மைதா மூட்டையில் துரைசானி கப்பை முக்கி, கோபுரமாக எடுத்து, “லாபம்” என்றார்.

“என்ன லாபம்?” என்றார் எட்மண்ட்.

“மொத அளவை லாபம்னுதான் சொல்லணும் சார். ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுடும்.”

“லாபம்னு ஒரு நம்பர் கிடையாது. அது போகட்டும், இப்படிக் குமிச்சு எடுக்கலாமா? தலை தட்டணும்.”

“தலை தட்டறதா?” துளசிங்கம் கப்பை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். “இன்னா சார் பேஜாரா கீது. பொழுது சாயற நேரத்துல தலை தட்டி அளந்தா அளக்கிறவன் வூடு விளங்குமா, வாங்கறவன் வூடு விளங்குமா? நம்ம கடைல அந்தப் பயக்கமே கெடையாது.”

“ரசாயனக் கூடத்துல இந்த மாதிரி குமிச்சு அளந்தா வெடிச்சிடும்யா.”

“மைதா இன்னா சார் வெடிக்கப் போவுது?”

இதிலும் இரண்டு கட்சி உண்டானது. தபீதாள் அம்மாள் குவித்தே அளப்பவர். கஞ்சத்தனம் அவர் வீட்டில் வழக்கமில்லை என்று சொன்னார். புஷ்பம் கத்தி முதுகால் வழித்தே அளப்பவள். தாராளம் காட்ட வேறு இடம் இருக்கிறது என்று சொன்னாள். ஆகவே ஒவ்வொரு கப்பையும் ஒருமுறை குவித்தும் ஒருமுறை தட்டியும் நிறுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. தட்டுகிற வேலையைத் துளசிங்கம் தொட மறுத்ததால் எட்மண்ட் தன் பாக்கெட் ஸ்கேலால் தட்டினார். துளசிங்கம் அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எடைகள் வருமாறு. துரைசானி கப்பு, தட்டியது 130 கிராம், குவித்தது 185. கேன்டீன் கப்பு, தட்டியது 145, குவித்தது 190. வேதசிரோமணி பாமாலைச் சீட்டின் பின்புறம் கூட்டி, நாலால் வகுத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறிவித்தார்: “நூற்றறுபத்திரண்டரை.”

“அந்த அரை எதுக்கு சார்? நம்மகிட்ட கீற எடைக்கல்லுலியே ரொம்பப் பொடிசு அஞ்சு கிராம்,” என்றார் துளசிங்கம்.

“உம்மிடம் கல் இல்லை என்பதற்காக அரை கிராமைத் தூக்கி எறிய முடியாது. யார் கப்பிலிருந்து எறிவது?”

அரை நிலைத்தது.

நூற்றறுபத்திரண்டரை கிராம் கொள்ளும் கப்பு தாம்பரத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. அதனால்தானோ என்னவோ எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று.

அடுத்தது முட்டை. ‘யாவும் கிராமில்’ என்று விளம்பரத்தில் இருந்தபடியால் முட்டையையும் நிறுக்க வேண்டும் என்றார் எட்மண்ட்; ஓட்டை நீக்கிவிட்டு நிறுக்க வேண்டும் என்றும் சொன்னார். கோழி எப்படிக் கொடுத்ததோ அப்படியே நிறுக்க வேண்டும் என்றார் தலைவர். வாக்கெடுப்பில் எட்மண்டின் கட்சிக்கு எட்மண்டின் கை மட்டுமே உயர்ந்தது. புஷ்பம் கூடத் தூக்கவில்லை. “வீட்ல முட்டை உடைக்கறது நான்தானே, என்னைக் கேட்டுட்டா பேசினாரு?” என்றாள். நாலு முட்டை, ஓட்டோடு, 200 கிராம்.

பிறகு உப்பு. சிட்டிகை என்பது விரலைப் பொறுத்தது என்பதால் தலைவரின் விரலையே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஐந்து கிராம் கல் எழும்பும் வரை அவர் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நடுவில் தபீதாள் அம்மாள், “பாகற்காய்க் குழம்புல உப்பை அள்ளிப் போட்டுக்கறப்ப இந்தக் கணக்கு இருக்கக் கூடாதா?” என்று கேட்டதில் எண்ணிக்கை தவறிப்போனது. விரல் இடுக்கில் எங்கோ வெட்டுக்காயம் வேறு. உப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்.

சீனிக்கும் வெண்ணெய்க்கும் வந்தபோது பாடகர் குழு வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டது. அவர்களுக்கு அறை வேண்டும்.

“இனி நிறுப்பதற்கு ஒன்றுமில்லை,” என்றார் வேதசிரோமணி. “கப்பின் எடை கிடைத்தாயிற்று. மீதி வெறும் பெருக்கல்.”

சாராள் குட்டை பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

“சார், அது மைதாவோட எடை. சீனி அதைவிட கனம். வெண்ணெய் இன்னும் கனம். ஒரே கப்புல பஞ்சு வச்சாலும் கல்லு வச்சாலும் ஒரே எடையா இருக்கும்?”

“கேக்கில பஞ்சு எங்கம்மா வருது? கல்லு எங்க வருது? விஷயத்தை விட்டு வெளியே போகாதே.”

“எட்மண்ட் அண்ணா, நீங்களாவது சொல்லுங்களேன்.”

எட்மண்டுக்குத் தெரியும். தினமும் அதே வேலையைச் செய்கிறவர். ஆனால் முட்டை ஓட்டில் தோற்ற புண் ஆறவில்லை. “நான் நடுநிலை,” என்று சொல்லிவிட்டு ஸ்கேலில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார்.

ஆகவே தீர்மானம் பின்வருமாறு பதிவாயிற்று: மைதா 325 கிராம். சீனி 203.125 கிராம். வெண்ணெய் 162.5 கிராம். முட்டை ஓட்டோடு 200. பேக்கிங் பவுடர் 5. உப்பு, தலைவரின் விரல்படி. ஏகமனதாக.

சாராள் பிரதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நானும் ரயில்வே கேட்டு வரை அவளோடு நடந்தேன்.

“அண்ணா, இவ்ளோ மாவுக்கு இத்தினிக்காணு வெண்ணெய் போட்டா அது கேக்கு இல்ல. தண்டவாளத்துக்கு அடியில போடற கட்டை.”

“தீர்மானம் ஆயிடுச்சேம்மா. மாத்தணும்னா அடுத்த கூட்டத்துக்கு எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்.”

“நோட்டீஸ் குடுத்தா?”

“அதுக்கடுத்த கூட்டத்துல எடுப்பாங்க.”

“வர்ற திங்களுக்கு அடுத்த திங்கள் கடைசி நாள் அண்ணா. அங்க அவங்க நிறுத்து வச்சதைத்தான் நான் கிண்டணும். பள்ளிக்கூடம் மூடினா எனக்குப் போக வேற இடம் இல்ல.” கேட்டைப் பிடித்துக்கொண்டு, போகிற மின்சார ரயிலைப் பார்த்து நின்றாள். “அடுத்த சனிக்கிழமை சான்றுல கையெழுத்துப் போடத்தானே கூடுறாங்க? அன்னிக்கு ரெண்டு கேக்கு கொண்டாரேன். அவங்க கணக்குல ஒண்ணு, என் கணக்குல ஒண்ணு. தின்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்.”

நடு வாரத்தில் ஒருநாள் காலை நான் துளசிங்கத்தின் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனபோது அவள் அங்கே இருந்தாள். எனாமல் குவளையில் மைதாவை அள்ளி, கத்தி முதுகால் வழித்துக்கொண்டிருந்தாள்.

“மொத போணி டீச்சரம்மா. அதுல போயி தலை தட்டினுகிறியே!” என்று துளசிங்கம் தலையில் கை வைத்தார்.

“உங்க லாபத்தை நீங்களே வச்சிக்கங்க அண்ணே. எனக்கு கிராமைச் சொல்லுங்க.”

சீனியைக் குவளையில் நிரப்பி ஒரு தடவை. வீட்டிலிருந்து வாழை இலையில் கொண்டுவந்த வெண்ணெயை இடைவெளி இல்லாமல் அழுத்தி ஒரு தடவை. ஒவ்வொன்றையும் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டாள். தாளை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, கடையில் இன்னும் யாரும் வராததால் முகம் சுண்டிப்போயிருந்த துளசிங்கத்திடம், பரிகாரமாக, ஒரு சோப்புக் கட்டியும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஆஜரானவர்கள் முன்போலவே. உட்கார்ந்த இடமும் முன்போலவே. சாராள் மட்டும் நின்றாள். துளசிங்கத்தை யாரும் அழைக்கவில்லை, கேக்கு என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

மேசைமேல் இரண்டு வட்ட டின்கள். ஒன்று கமிட்டி எடைப்படி, மற்றது தன் கப்புப்படி என்று மட்டும் சாராள் சொல்லியிருந்தாள். ஒரே நாளில், ஒரே மணல் அடுப்பில், மேலும் கீழும் கரி நெருப்புப் போட்டுச் சுட்டவை. மூடியைத் திறந்தபோது ஒன்று டின்னின் பாதி உயரத்தில் படுத்திருந்தது. மற்றது விளிம்புக்கு மேலே எழும்பி நடுவில் லேசாக வெடித்திருந்தது.

தபீதாள் அம்மாள் முதல் கேக்கில் கத்தியை வைத்தார். கத்தி இறங்கவில்லை. சாய்த்து வைத்து அழுத்தினார், மேசைதான் நகர்ந்தது.

“கத்தி மொண்ணை போல,” என்றாள் புஷ்பம், அவருக்கு முகத்தைக் காட்டி. ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் அப்படித் திரும்பியது அன்றுதான்.

துளசிங்கம் முன்வந்து தேங்காய் உடைக்கிற பாணியில் ஒரு போடு போட்டார். ஆளுக்கு ஒரு சில்லு கிடைத்தது. வேதசிரோமணி கடித்தார். கடித்தபடியே சிறிது நேரம் இருந்தார். பிறகு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, கட்டுப் பல்லை எடுத்துப் பார்த்து, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது கேக்கு கத்தி பட்டதும் விண்டு கொடுத்தது. வெண்ணெய் வாசனை அறை முழுக்கப் பரவியது. தலைவர் ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டு எடுத்தார். அதைத் தின்றுவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“பார்த்தீர்களா! ஒரு காரியத்தைக் கமிட்டி போட்டு, முறைப்படி, சராசரி எடுத்துச் செய்தால் எப்படி வரும் என்பதற்கு இதோ அத்தாட்சி.”

சாராள் வாயைத் திறந்தாள். “சார், அது வந்து—”

“தலைவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.”

சாராள் வாயை மூடினாள்.

“துரைசானி கப்போட வாசனை அப்படியே வருது,” என்றார் தபீதாள் அம்மாள், கண்ணை மூடிக்கொண்டு.

“மிருது இருக்கு பாருங்க அக்கா, அது கேன்டீன் கப்பு.”

“ரெண்டும் சேர்ந்திருக்கு புஷ்பம்.”

“சேர்ந்துதான் இருக்கு அக்கா.”

எட்மண்ட் நாலாவது துண்டில் இருந்தார். அவரால் பேச முடியவில்லை, தலையை ஆட்டினார்.

வேதசிரோமணி அந்தப் படுத்த கேக்கை விரலால் சுண்டினார். ணங்கென்றது. “சாராள், உன்னைக் குற்றம் சொல்லலை. ஆனா பாத்துக்கோ. தனி ஆள் தன் சொந்தக் கப்பை நம்பினா இந்தக் கதிதான்.”

சாராள் அந்தக் கேக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா அழுகை இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. தலைவர் இதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

“செயலாளர் சான்று எழுதட்டும். அம்மா, அந்த நல்ல கேக்கின் எடையை வாசி. அதையே இணைத்து விடுவோம்.”

“நல்லா வந்த கேக்கோட எடையைத்தானே சார் கேக்கறீங்க?”

“வேறே எதைக் கேட்பேன்?”

அவள் பர்சிலிருந்து துண்டுத் தாளை எடுத்தாள். “மைதா இருநூத்தி இருபது கிராம். சீனி இருநூத்தி இருபத்தஞ்சு. வெண்ணெய் இருநூறு. முட்டை, ஓடு நீக்கி, நூத்தி எழுபத்தஞ்சு—”

“ஓடு நீக்கி!” என்றார் எட்மண்ட், வாய் நிறையக் கேக்கோடு. “நான் அன்னிக்கே சொன்னேன். சொன்னேனா இல்லையா?”

“பேக்கிங் பவுடர் அஞ்சு. உப்பு ஒண்ணு.”

“என் சிட்டிகை ஒரு கிராம்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது,” என்றார் தலைவர்.

என் பேனா ‘இருநூற்று’ என்பதிலேயே நின்றுவிட்டது. கூட்டக் குறிப்புப் புத்தகம் இடது கைப்பக்கம் திறந்திருந்தது. ஒரே மேசையில் இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் கிடக்க, அதைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போவது எனக்குப் பழக்கமில்லை.

“தலைவர் அவர்களே,” என்றேன். “சென்ற கூட்டத்தின் தீர்மானத்தில் மைதா முந்நூற்றிருபத்தைந்து என்று இருக்கிறது. வெண்ணெய் நூற்றறுபத்திரண்டரை.”

தபீதாள் அம்மாள் மெல்லுவதை நிறுத்தினார். சாராளின் கை தாளோடு மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் என்னைப் பார்த்தது போல, அதற்கு முன்னும் பின்னும், யாரும் என்னைப் பார்த்ததில்லை.

வேதசிரோமணி புத்தகத்தை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. பிறகு தன் கையிலிருந்த மூன்றாவது துண்டைப் பார்த்தார்.

“ஐசக், நீரும் தின்றீர் அல்லவா?”

“தின்றேன்.”

“முந்நூற்றிருபத்தைந்து கிராம் மாவு போட்டால் கேக்கு இப்படி வருமா?”

“வராது.”

“ஆனால் வந்திருக்கிறது.”

“வந்திருக்கிறது.”

“அப்படியானால் தப்பு எங்கே?”

சராசரியில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எட்மண்ட் கடைசி வாயை விழுங்கிவிட்டு, “எழுத்துல,” என்றார்.

“அன்னிக்குப் பாடகர் குழு வேற வாசல்ல நின்னு அவசரப்படுத்திச்சு,” என்றாள் புஷ்பம் பரிவோடு. “அந்தச் சத்தத்துல யாருக்குத்தான் காது சரியா விழும்?”

“மனுஷன் தானே,” என்றார் தபீதாள் அம்மாள்.

சென்ற கூட்டத்தின் எண்கள் யாவும் செயலாளரின் கைப்பிழை என்றும், இன்று வாசிக்கப்பட்ட எண்களே கமிட்டி கண்ட எண்கள் என்றும் தலைவர் முன்மொழிய, பொருளாளர் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது. அந்த ஏகமனதில் என் மனதும் ஒன்று. பழைய எண்களை ஒவ்வொன்றாக அடித்து, மேலே புதியதை எழுதி, ஓரத்தில் கையொப்பமிட்டேன். 203.125 ஐ அடிக்கும்போது மட்டும் கோடு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

படுத்த கேக்கை என்ன செய்வது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. “காத்துக்குக் கடைக் கதவு டப்பு டப்புன்னு அடிச்சிகினே கீது சார்,” என்று சொல்லி துளசிங்கம் அதை வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் அன்று மாலை ரயில் தபாலில் சேர்த்தாக வேண்டும். நான் சான்றை எழுத ஆரம்பித்தேன். மேற்படி செய்முறை எமது கமிட்டியால் ஆராயப்பட்டுச் சரியெனக் காணப்பட்டது என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். தலைவர் படித்துவிட்டு, ‘தலைவரின் நேரடி மேற்பார்வையில்’ என்று சேர்க்கச் சொன்னார். தபீதாள் அம்மாள் துரைசானியைச் சேர்க்கச் சொன்னார். புஷ்பம் கேன்டீனைச் சேர்க்கச் சொன்னாள். எட்மண்ட் முட்டை ஓடு பற்றித் தனிப் பத்தி கேட்டார். சான்று மூன்று பக்கம் ஆயிற்று. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

சாராள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். “எதை வேணும்னாலும் சேத்துக்கங்க அண்ணா. கிராம் எழுதின பக்கத்தை மட்டும் இனிமே யாரும் தொட வேணாம்.” அந்தப் பக்கத்தை அவளே எடுத்து, தன் விண்ணப்பத்தோடு சேர்த்து மடித்து, உறைக்குள் வைத்தாள். நான் சான்றை வைத்தேன். கோந்து தடவி ஒட்டினேன்.

வாசல்படி இறங்கும்போது வேதசிரோமணி பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஐசக்! சராசரி முறையை விளக்கி ஒரு அடிக்குறிப்பு போட்டால் நல்லது. கொஞ்சம் நில்லும்.”

“ஒட்டியாச்சு சார்,” என்றாள் சாராள், நான் பதில் சொல்வதற்கு முன்னால்.

கோந்து இன்னும் காயவில்லை. உறையின் வாயில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே அவள் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தாள். பாதி வழியில் கேட்டாள்: “அந்த நேரத்துல உங்களுக்கு வாய் எதுக்குண்ணா திறந்துச்சு?”

“ரெண்டு கணக்கும் ஒவ்வலைம்மா.”

“எனக்கு உசுரே போயி வந்துச்சு.”

“பழி என் மேலதானே விழுந்துச்சு.”

“அது விழட்டும்,” என்றாள். கொஞ்ச தூரம் போனபின், “வலிக்குதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அது முழு உண்மை இல்லை. ஆனால் அதற்கு எடை போட அப்போது நேரமில்லை.

ரயில் தபால் ஜன்னலில் இருந்தவர் பையைக் கட்டப் போகிற சமயம். சாராள் விரலை எடுத்துப் பார்த்தாள், வாய் ஒட்டியிருந்தது. தபால் தலையை நாக்கில் தொட்டு அவளே ஒட்டினாள். அவர் முத்திரையைக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.